ஷூவால் தேய்த்த தடம்

டென்னிஸ் ஆடிப் பிழைத்தவன் நான். முட்டி போனபின் பாகூர் பக்கம் ஒரு செம்மண் கோர்ட்டில் கோச்சாக இருக்கிறேன். சாயங்காலமானால் ஓட முடியாது. பிள்ளைகளோடு ஆடும்போது எட்டாத பந்தை ‘அவுட்’ என்று சொல்லி, அது கோட்டுக்குள் விழுந்த தடத்தை ஷூவால் தேய்த்துவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு போட்டி. அம்பயர் கிடையாது, தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும். நல்லவாட்டிலிருந்து வரும் என் மாணவி கவிதா, உள்ளே விழுந்த பந்தை ‘அவுட்’ என்றாள். எதிராளி பார்க்க வருவதற்குள் தடத்தைத் தேய்த்தாள். ஜெயித்தாள்.

தனியாகக் கூப்பிட்டு, “இன்னாடி இது? யாரு கத்துக் குடுத்தா?” என்றேன்.

“நீங்கதான சார். அவுட்டுனு சொன்னா தேய்ச்சிடணும்னு நெனச்சேன்.”

இப்போதெல்லாம் எட்டாத பந்துக்கு, “உன் பாயிண்ட்” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிற்கிறேன். தோற்ற அந்தப் பெண்ணிடம் மட்டும் இன்னும் போய்ச் சொல்லவில்லை.