நாய்க்கு ஒண்டும் இல்லையாம்

எங்கள் நாய்க்குச் சொந்தமாக ஒரு டாக்டர் உண்டு. படம் ஒட்டிய மருத்துவப் புத்தகம் உண்டு. உண்ணி கடித்து வருகிற லைம் நோய்க்குத் தடுப்பூசி போட்ட முத்திரையும் அதில் உண்டு. அதே வீட்டு ஹாலில் தரையில் படுக்கிற அண்ணாவுக்கு இதில் எதுவும் கிடையாது. நாய் படுப்பது சோபாவில்.

அண்ணா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, பெரியம்மாவின் மகன். கிளிநொச்சியிலிருந்து வந்து இரண்டு வருடம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறார். பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும் தெரியும். மிச்சம் முழுக்க நான்தான். நான் இங்கே பிறந்தவள், உயிரியல் படிக்கிறவள், வாய் நீளம். மொழிபெயர்க்கச் சொன்னால் மட்டும் வாய் குட்டையாகிவிடும். ஐந்து நிமிடப் பிரெஞ்சை ஐந்து சொல்லில் முடித்துவிட்டு போனைப் பார்ப்பேன். இங்கே பிறந்த எங்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது.

இந்த வருடம் மே மாதம் அண்ணாவின் தலைக்குள் ஒரேயொரு விஷயம்தான் ஓடியது. ஜூன் கடைசி ஞாயிறு, அம்மா பேசி வைத்த பொம்பிளையோடு முதல் வீடியோக் கதை, போனில் முகம் பார்த்துப் பேசுவது. படம் முன்னமே போய்விட்டது. "மாப்பிளையின்ரை சிரிப்பு வடிவு" என்று அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மனிதர் பல் தீட்டும்போதும் சிரித்தார்.

"கண்ணாடியையும் கலியாணம் கட்டப் போறியளோ?" என்று கேட்டேன்.

"பழகிப் பாக்கிறன் தங்கச்சி."

அந்த மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் நகரத்துக்கு வெளியே காட்டுக்குப் போனோம். நாய் முழங்கால் உயரப் புல்லுக்குள் பாய்ந்தது. என் கால்களில் புது வெள்ளைச் சப்பாத்து. "அண்ணா, நீங்கள் போய்ப் பிடியுங்கோ" என்றேன். அரைக் காற்சட்டையோடு இறங்கி, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

பின்னேரம் நாயின் காதுக்குப் பின்னால் கடலைப் பருப்பு அளவில் ஓர் உண்ணி. அம்மா ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். "சுட்டால் தன்பாட்டிலை விழும். ஊரிலை மாட்டுக்கு உப்பிடித்தான் செய்யிறது."

"உங்களுக்கு விசரோ அம்மா? நாய்க்கு நோகும்!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் போனோம். நாயைத் தூக்கிக்கொண்டு அண்ணாவும் வந்தார். வைத்தியர் சின்ன பிளாஸ்டிக் கொக்கியை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினார், உண்ணி முழுசாகக் கழன்றது. பிறகு நிறையப் பேசினார். உண்ணியைச் சுடக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது, அப்படிச் செய்தால் அது வயிற்றில் இருப்பதை இரத்தத்துக்குள் கக்கும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, நொண்டினால் மட்டும் கொண்டுவாருங்கள். மனிதருக்கு அந்த ஊசி இல்லை. புல்லுக்குள் போனவர் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் பார்க்க வேண்டும். சிவப்பு வட்டம் வந்து பெருத்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். கடைசி இரண்டையும் அண்ணாவின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னவாம் தங்கச்சி?"

என் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. "நாய்க்கு ஒண்டும் இல்லையாம்."

"அப்பாடா" என்று அண்ணா நாயின் நெற்றியில் கொஞ்சினார்.

அடுத்த நாள் அவருடைய முழங்கால் மடிப்பிலும் ஒன்று இருந்ததாம். அம்மாவின் ஊதுபத்தியால் சுட்டிருக்கிறார். "ஒரே சூடு, ஆள் சரி" என்று பெருமையாகச் சொன்னார். நானும் "கெட்டிக்காரன்" என்றேன்.

பத்து நாளில் அதே இடத்தில் சிவப்பு வட்டம் வந்தது. அம்மா ஒரு பார்வையில் படர்தாமரை என்று தீர்ப்புச் சொன்னார். லா சப்பல் பலசரக்குக் கடையிலிருந்து களிம்பு வந்தது. அண்ணாவுக்குத் தனித் துவாய், தனிச் சவர்க்காரம், தனிக் கோப்பை. "நாயைத் தொடாதை தம்பி, அதுக்கும் பிடிச்சிடும்."

நான் குனிந்து பார்த்தேன். நடு வெளிறி, விளிம்பு சிவந்து, பாடப் புத்தகப் படம் மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம்.

"சொறியுதோ?"

"இல்லைத் தங்கச்சி."

படர்தாமரை சொறியும். அது எனக்குத் தெரியும். வைத்தியர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். அதோடு எனக்கு அது பரீட்சைக் கிழமை. "நல்லாப் பூசுங்கோ" என்றேன். அதற்கு முதல் ஒரு படம் எடுத்து, "எங்கள் வீட்டில் அம்பு எறிகிற பலகை" என்று எழுதிக் கூட்டாளிகளுக்கு அனுப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். வட்டம் தானாகவே மங்கியது. பேர் களிம்புக்குப் போனது.

வீடியோக் கதைக்குப் பத்து நாள் இருக்க, அண்ணா வாய் கொப்பளித்தார். தண்ணீர் ஒரு பக்கத்தால் வழிந்தது. வலது கண் மூடவில்லை. வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. "பாரிசவாதம்!" என்று அம்மா தலையில் கை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டார். காட்டுக்குப் போனாரா? சிவப்பு வட்டம் வந்ததா? அண்ணாவிடம் கேட்காமலே இரண்டுக்கும் ஆமென்றேன். லைம் நோயா என்று பார்க்க இரத்தம் எடுத்தார்கள். வட்டம் வந்த அன்றே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது, யாரும் இவருக்குச் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். முகம் பழையபடி வரும், ஆனால் கிழமைகள் ஆகும், மாதங்களும் ஆகலாம் என்றார்.

"என்னவாம்?"

"உண்ணி கடிச்சதாலையாம். குளிசை போட்டால் மாறுமாம்."

"அந்த ஞாயிறுக்கு முன்னமோ?"

"ஓம்."

அந்த ஞாயிறு அம்மா அண்ணாவை யன்னலோரம் பக்கவாட்டாக இருத்தினார். "இடப் பக்கத்தை மட்டும் காட்டு. சிரிக்காதை." போனைப் பிடித்தது நான். பொம்பிளை மெல்லிய குரலில் கேட்டாள்: "நேர பாருங்கோவன்."

அண்ணா திரும்பினார். திரும்பினதோடு விடாமல், அவளுக்குப் பிடித்த சிரிப்பையும் சிரித்தார். பாதி முகம் மேலே போனது, மற்றப் பாதி அப்படியே தொங்கியது.

போனுக்குள்ளே யாரோ பெரிய ஆள் கேட்டார்: "என்ன தம்பி, முகத்துக்கு என்ன?"

"குளிர் பிடிச்சிட்டுது" என்று அம்மா முந்தினார். யன்னல் முழுக்கத் திறந்து கிடந்தது, எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

"உண்ணி கடிச்சது" என்றார் அண்ணா. அவருக்குப் பொய் வராது.

உள்ளே ஒருத்தி சிரித்தாள். "உண்ணி மாட்டிலையும் நாயிலையும் எல்லோ இருக்கும்? மாப்பிளையை எங்கை படுக்க விட்டிருக்கினம்?"

அம்மா சோபாவைப் பார்த்தார். நாய் மல்லாந்து கிடந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் போனுக்குக் குரல் பதிவு வந்தது. கோணல் முகக்காரன் வேண்டாமாம். பிள்ளைக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம். "நீயே அவனுக்குச் சொல்லு, உனக்குத்தானே வாய் இருக்கு" என்று அம்மா கழன்றுவிட்டார்.

வேலை முடிந்து வந்த அண்ணா சப்பாத்துக் கழற்றாமலே கேட்டார்: "என்னவாம் தங்கச்சி?"

இந்த முறை பிரெஞ்சே இல்லை. முழுக்கத் தமிழ்.

"பிறகு போன் எடுக்கினமாம்."

ஓகஸ்ட் முடியும்போது முகம் நேராகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் சிரிக்கிறது. இப்போது ஒக்டோபர். ஞாயிறு வந்தால் சவரம் எடுத்து, நீலச் சேர்ட் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருக்கிறார், நேர் முகமாக. போன ஞாயிறும் கேட்டார்.

"முகம் சரியெண்டு அவையளுக்குச் சொன்னனீரோ தங்கச்சி?"

"ஓம்" என்றேன். நாயைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.