சுவக்கின் அண்ணன் எடுத்த ஒரே படம்

அந்தப் படத்தில் பேய் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு வாய் வழியாக வந்தால் எனக்குக் கோபம் வரும். பத்தொன்பது வயதில் முகம் நிறையப் பவுடரை அப்பிக்கொண்டு, அம்மாவின் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, அட்டைக் கடியோடு தேயிலைக்குள் நடந்தேன். எடுத்தவர் என் அண்ணன் சுவக்கின். ஒரே ஒரு நாள்தான் அது ஓடியது, அதுவும் மாதா கோயில் மண்டபத்தில். பாதியில் ஃபாதர் எழுந்து போனார். ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது. அதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்தேன்.

அண்ணன் எப்படிப்பட்டவர் என்றால், மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாவலப்பிட்டி ஸ்டேஷனில் பெட்டி கோர்க்கும் சத்தத்தில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். எனக்குத் தலைவலி வந்தது, அவருக்குப் பைத்தியம் பிடித்தது. வீட்டு முன்னறையிலேயே வீடியோ கடை போட்ட பிறகும் கெமராவோடு ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அலைவார். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷின், திருவிழா ஸ்பீக்கர் கீச்சிடுவது, பழுதான காற்றாடி, எதையும் விடமாட்டார். ஒரு கலியாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு இஞ்சின் ஷெட் சத்தத்தைப் போட்டுக் கொடுத்தார். “கேட்டா ஒரு நடுக்கம் வருதில்ல?” என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே கேட்டார். அடி வாங்காமல் தப்பியது மாதாவின் புண்ணியம்.

அந்த நாளில் கடைக்குச் சோறு போட்டது குவைத் கசெட்தான். வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பெண்களுக்கு வீட்டிலிருந்து அனுப்பும் வீடியோவுக்கு அதுதான் பெயர். ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளான லயத்து வாசலில் குடும்பமே வரிசையாக நிற்கும். ஒவ்வொருவராகக் கெமராவைப் பார்த்துப் பேசுவார்கள், புதுக் கதிரையில் உட்கார்ந்து காட்டுவார்கள், அனுப்பிய சட்டையைப் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். அதற்கு யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. நல்லது மட்டும்தான் போக வேண்டும். நோய், சண்டை, கண்ணீர் எதுவும் போகக்கூடாது. தூரத்தில் தனியாகக் கிடக்கிற பிள்ளை பார்த்தால் என்ன செய்யும்? அதனால் யாராவது அழுதால் அண்ணன் அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் பிரதி எடுப்பார். ஆனால் முதலில் எடுத்த கசெட்டை எறிய மாட்டார். அவர் எதையுமே எறிந்ததில்லை, அதற்கு எங்கள் வீட்டு அலுமாரிகளே சாட்சி.

இனிப் படத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயர் ‘ஏழாம் நம்பர் லயம்’. செத்துப்போன ஒருத்தி லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள், யாரும் திறக்கவில்லை. கதை அவ்வளவுதான். பாட்டுப் போட வசதியில்லை என்று அண்ணன் தான் சேர்த்து வைத்திருந்த ரயில், மெஷின், காற்றாடி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்தார். நான் வாயைத் திறக்கும்போது மட்டும் ஒரு குரல் வரும். அடித்தொண்டையில் இழுத்து இழுத்து, சீக்கு மாடு முனகுவதுபோல் இருக்கும். ஒரு சொல்லும் புரியாது. “எப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டால், “அது ஒரு சத்தம், விடு” என்பார்.

போன வருடம் கண்டிப் பக்கம் அலவத்துகொடையிலிருந்து அஷ்பாக் என்ற இளைஞர் கடைக்கு வந்தார். தாடி, கறுப்புச் சட்டை, மரியாதையான பேச்சு. அவருடைய வாப்பா முன்பு வீடியோ கடை வைத்திருந்தாராம். பழைய சாமான்களை ஒதுக்கும்போது, அந்தக் காலத்தில் அண்ணன் வாடகைக்கு விடச் சொல்லிக் கொடுத்திருந்த எங்கள் படத்தின் கசெட் கிடைத்ததாம்.

“அங்கிள், இப்பிடி ஒரு சத்தம் நான் எங்கயும் கேட்டில்ல” என்றார்.

“சத்தம் கூடிப்போச்சோ தம்பி?” என்று அண்ணன் பயந்துபோய்க் கேட்டார்.

“இல்ல அங்கிள். இதத்தான் நாங்க தேடிட்டு ஈக்கிற.”

அவர் செய்யும் தொழிலை இரண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். வீட்டிலிருந்தபடியே இசைக் கசெட் வெளியிடுகிறாராம். இசை என்றால் பாட்டில்லை, ராகமில்லை, தாளமில்லை. தகரத்தில் மழை, ஃப்ரிட்ஜின் முனகல், ஸ்பீக்கரின் கீச்சு. கசெட்டை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அடிப்பார்களாம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அதற்கென்றே இருக்கிற கூட்டம் தபாலில் வாங்கிக்கொள்ளுமாம். ஊர் சிரித்துத் தள்ளிய படங்களைத் தேடிப் பிடித்து வெளியிடுகிற கம்பெனிகளும் உண்டாம். அப்படி ஒரு கம்பெனிக்கு எங்கள் படம் வேண்டுமாம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் இத்தனை காலமும் சும்மா கத்தி வீணாய்ப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஃபோன் வந்து தொழிலைக் கொண்டுபோன பிறகு, பாஸ்போர்ட் படம் எடுத்து அடையாள அட்டைக்கு லெமினேட் போட்டுக்கொண்டிருந்த மனிதர். அஷ்பாக் போனபின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். கலியாணமும் செய்யாமல் இந்தச் சத்தங்களையே கட்டிக்கொண்டு கிடந்தவருக்கு, ஒரு மனிதராவது வந்து கேட்டாரே என்று எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது.

வெளியிடுவதற்கு முன்னால் கண்டியில் ஒரு நாள் போட்டுக் காட்ட அஷ்பாக் ஏற்பாடு செய்தார். டவுனில் ஒரு டியூஷன் மண்டபம், ஞாயிறு பின்னேரம். நாங்கள் வேன் பிடித்துப் போனோம். குவைத்திலிருந்து வந்தபின் தோட்டத்தை விட்டு எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கிருஷாந்தியையும் நான்தான் வற்புறுத்தி ஏற்றினேன். தையல் கடை வைத்திருக்கிறாள், என் வயதுதான். நாங்கள் படம் எடுத்தபோது அவள் குவைத்தில் இருந்ததால் என் பேய் வேஷத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. வாதம் வந்து கைகால் விழுந்துபோன அப்பா பொன்னையாவை அவள்தான் வைத்துப் பார்க்கிறாள். அவளுடைய அம்மா ராக்கம்மா அந்தக் குவைத் காலத்திலேயே இறந்துவிட்டார். “ராத்திரி நல்லாச் சாப்புட்டுப் படுத்தாங்களாம், விடிய எந்திரிக்கலையாம். எங்கம்மா நோகாமப் போனாங்க” என்று கிருஷாந்தி அடிக்கடி சொல்வாள். அதைச் சொல்லித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

படம் தொடங்கும் முன் அஷ்பாக் அண்ணனிடம் வந்து சொன்னார்: “அங்கிள், அந்தப் பொம்புளக் குரல் வாற இடத்துல டேப் இழுபட்டு வேகம் கொறஞ்சு ஈந்திச்சு. கம்பியூட்டர்ல போட்டு வேகத்தச் சரியாக்கிட்டேன். மேல கெடந்த எரைச்சலையும் கழுவி எடுத்திட்டேன். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்.”

அண்ணன் எழப்போனார். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கறுப்புச் சட்டைக் கூட்டம் ஒன்று தரையெல்லாம் உட்கார்ந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை, பூசையில் இருப்பதுபோல் இருந்தார்கள். அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி. சுவரில் நான் வந்தேன். முதல் கதவைத் தட்டினேன். வாயைத் திறந்தேன். மாடு முனகவில்லை. தெளிவான, இளைத்துப்போன ஒரு பெண் குரல் என் வாயிலிருந்து வந்தது.

“கிருஷாந்தி… அம்மாவுக்கு ஏலலடி. இருமி இருமி நெஞ்சு வெந்து போச்சு. துணி ஒண்ணும் வாங்க வேணாம், காசும் வேணாம். நீ வந்துரு புள்ள. கண்ண மூடுறதுக்குள்ள ஒருதடவ மொகத்தக் காட்டிட்டுப் போயிரு.”

சுவரில் இருக்கிற நான் அடுத்த கதவுக்குப் போய், அதையே இன்னொரு தரம் சொல்கிறேன். பக்கத்தில் கிருஷாந்தி எழுந்து நின்றாள். வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

“அது எங்கம்மா” என்றாள்.

சத்தம் போடவில்லை, சும்மா சொன்னாள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து முன்னால் இருந்த ஒருவன் கை தட்டினான். அவனை அடிக்க எனக்குக் கை துடித்தது. அஷ்பாக் படத்தை நிறுத்திவிட்டு, “அல்லாவே, நான் இத நடிப்பெண்டுதானே நெனச்சன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் கதிரையை விட்டு அசையவே இல்லை.

வேன் ஊர் வந்து நின்றது. கிருஷாந்தி இறங்கி நேரே வீட்டுக்குள் போய்விட்டாள். நான் அண்ணனைக் கதவுக்கு உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“ராக்கம்மா அக்காவோட குரல் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

அவர் சொன்னார். குவைத் கசெட் எடுக்கப் போன வீட்டில் ராக்கம்மா அக்கா படுக்கையில் கிடந்திருக்கிறார். எழுந்து உட்காரக்கூட முடியாமல் அப்படிப் பேசியிருக்கிறார். அதை வெட்டிவிடச் சொன்னது பொன்னையா. அண்ணன் வெட்டிவிட்டு, முந்திய வருடம் எடுத்த கசெட்டிலிருந்து அக்கா வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் துண்டை ஒட்டி அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதத்தில் அக்கா போய்விட்டார்.

“அதத் தூக்கிப் பேய்ப் படத்துல போட்டீங்களே, நீங்க மனுசனா?” என்று கத்தினேன்.

“அந்தக் குரல் காதுக்குள்ளயே கெடந்துச்சு ஜெஸ்மின். அனுப்பவும் முடியல, அழிக்கவும் முடியல. ஒருத்தருக்கும் வெளங்காதபடி இழுத்து, எரைச்சலுக்கு அடியில வச்சேன். எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“அதுக்கு என் வாய்தானா கெடச்சுச்சு?”

அவர் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பிறகு, “பொன்னையா அண்ணன் சொல்லித்தான் வெட்டினேன்னு அவகிட்டச் சொல்லிறாத. கெழவன் அவ கையாலதான் சாப்புடுறான்” என்றார். நான் அன்றைக்கு அவரோடு மேற்கொண்டு பேசவில்லை. அவர் அஷ்பாக்குக்கு ஃபோன் எடுத்து, படம் வேண்டாம், கம்பெனிக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் காலை கிருஷாந்தி கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, தலை மட்டும் ஒழுங்காக வாரியிருந்தாள். அண்ணன் எழுந்து நின்றார்.

“என் தப்புத்தான் தங்கச்சி. நானாத்தான் வெட்டினேன். படத்தையும் நிப்பாட்டச் சொல்லிட்டேன்.”

“நீங்களா எதுக்குண்ணே வெட்டப் போறீங்க?” என்று கேட்டாள். “நீங்க ஒண்ணையும் எறிய மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். முழுசா எடுத்தது இருக்குந்தானே? போடுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு எந்த வாய் பொய் சொல்லும்? அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கசெட்டை எடுத்தார். பழைய டெக்கில் போட்டார்.

ராக்கம்மா அக்கா வந்தார். கம்பளிக்குள் இத்துணூண்டாக இருந்தார். மண்டபத்தில் கேட்ட அதே பேச்சை, நிறுத்தி நிறுத்தி, இருமி இருமிப் பேசி முடித்தார். கிருஷாந்தி திரையில் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போர்வையைப் பிசைந்துகொண்டே இருந்தது. பிறகு கெமராவுக்குப் பின்னாலிருந்து பொன்னையாவின் குரல் மெதுவாக வந்தது.

“தம்பி, இத வெட்டிருங்க. பாத்தான்னா பாதியில ஓடியாந்துருவா. காசத் திருப்பிக் கேட்டு ஏஜென்ஸிக்காரன் சும்மா விடமாட்டான். போன வருசம் சிரிச்சிக்கிட்டு நின்னாளே, அதப் போட்டு அனுப்புங்க.”

“சரிங்கண்ணே” என்று அண்ணனின் இளம் குரல்.

படுக்கையிலிருந்து அக்கா கேட்டார்: “என்னங்க, எல்லாம் பதிஞ்சிருச்சா? அவளுக்குப் போயிருமா?”

“போயிரும், போயிரும். நீ படு.”

படம் அதோடு நின்று திரையில் புள்ளி பறந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தேம்பினார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கிழவன் ஒரு சுவருக்கு அப்பால்தான் கட்டிலில் கிடக்கிறான் என்பதே நினைப்பாக இருந்தது.

கிருஷாந்தி கையை நீட்டி டெக்கை நிறுத்தினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “படத்த நிப்பாட்ட வேணாம்ணே. வெட்டவும் வேணாம், ஒருதடவ வெட்டுனது போதும். எல்லாருக்கும் போகட்டும். போயிரும்னு நம்பித்தானே எங்கம்மா படுத்துச்சு.”

“உங்கப்பா?” என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டிருக்கிறது? நானாக இருந்தால் அந்த ஆளைப் பட்டினி போட்டிருப்பேன்.

அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“இன்னும் சாப்புடல. நான் போய் ஊட்டுனாத்தான் அவரு சாப்புடுவாரு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.