கை காட்டினால் நிற்பவர்

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். மலையைச் சுற்றிப் போகும் ஒரே தடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். டிப்போவில் அவருக்கு ‘ஸ்டாப்பிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் நான் மாமா என்பேன். அக்கா கோபமில்லாத நாட்களில் ‘என்னங்க’ என்பாள், மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துப் பேசுவாள்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் பார்வை சோதித்துச் சொல்கிறவன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. ஆனால் சொந்த மாமா விஷயத்தில் இரண்டு வருடம் என் கண் அவிந்துதான் கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு மாமாவின் தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். மாமா நேராகப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வந்தார். வளைந்த கைப்பிடி, பட்டை டயர், சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. தார் ரோட்டில் ஓட்டினால் போதாதா என்று கேட்டேன்.

“மாப்ளே, பத்தொன்பது வருஷமா அந்த மூணு ஏரியையும் வளைவுலதான் பார்த்திருக்கேன். வளைவுல ஏரியைப் பார்த்துக்கிட்டு ஓட்டினா பஸ்ஸோட ஏரிக்குள்ளதான் போகணும். ஒரு தடவையாவது கரையோரமா போய் நிம்மதியா பார்க்கணும்.”

அதைக் கேட்டு நானும் உருகித்தான் போனேன். உருகாதவள் அக்கா ஒருத்திதான், ஏனென்றால் அந்தச் சைக்கிள் நின்றது அவள் துணி அலமாரிக்கு முன்னால். வெளியே நிறுத்தினால் துருப்பிடிக்கும் என்று மாமா அதைப் படுக்கையறையிலேயே வைத்துவிட்டார். அக்கா ஒரு துண்டு எடுக்க வேண்டுமென்றாலும் அதை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் பெடல் காலில் இடிக்கும். இடித்தால் பக்கத்து வீடு வரை கேட்கும்.

எங்கள் பக்கத்தில் வருடம் ஒருமுறை சரளைப் பாதைச் சைக்கிள் ஓட்டம் நடக்கும். எழுபது கிலோமீட்டர், மூன்று ஏரி, ஐந்து பழைய கிராமம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பன்னிரண்டரைக்குள் மலைமேல் இருக்கும் கோட்டை வாசலைத் தொட வேண்டும். தாண்டினால் பெயரை அடித்துவிடுவார்கள். முதல் வருடம் மாமா ஒரு மணிக்கு வந்தார். எதிர்க்காற்று என்றார். இரண்டாம் வருடம் ஒன்றேகாலுக்கு வந்து, செயின் சரியில்லை என்றார். அன்றைக்கு அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இன்னும் ஒரு தடவை. அதுலயும் நேரத்துக்குப் போய்ச் சேரலன்னா சைக்கிள் இந்த வீட்டை விட்டு வெளியே போயிடணும். சரியா?”

“சரி” என்றார் மாமா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எனக்கு இது பொறுக்கவில்லை. ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தனியாக ஓட்டச் சொல்லி நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மனிதர் நாலே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்! ஏரிக்கரையில் இறங்கித் தண்ணீர் வேறு குடித்தார். அப்படியென்றால் போட்டியன்று மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஏன் ஆகிறது? தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

விடை என் கடைக்கே வந்தது. முதல் ஏரிக்கரைக் கிராமத்துப் பெண்மணி ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்.

“போன வருஷம் சைக்கிள் ஓட்டத்துல உங்க மாமாவைப் பார்த்தேனே. உற்சாகப்படுத்தலாம்னு நாங்க எல்லாரும் கையை ஆட்டினோம். அவரு ஓரமா வந்து நின்னு, ‘எங்க போகணும்?’னு கேட்டாரு. எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ‘எங்கயும் போகலைங்க’ன்னோம். ‘அப்ப சரி’ன்னுட்டுப் போனாரு.”

அன்று மாலையே டிப்போவுக்குப் போய் மாமாவைப் பிடித்தேன். அசடு வழிய நின்றார்.

“ஆமா மாப்ளே. கை தூக்கினா என் கால் தானா ஊனிக்குது. பார்த்துட்டுப் போக மனசு வரல.”

இந்த வியாதிக்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். என் அக்காதான். கல்யாணமான ஆறாவது மாதம், கொட்டும் மழையில், ஸ்டாப்பிங்குக்கு ஐம்பது அடி முன்னாலேயே நின்று அவள் மாமாவின் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். நடுவில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். மாமா அப்போது சட்டத்துக்குப் பிறந்த பிள்ளையாக இருந்தார். நிறுத்தாமல் போனதோடு, கண்ணாடியில் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்திருக்கிறார். அக்கா நாலு கிலோமீட்டர் நனைந்துகொண்டே நடந்து வந்தாள். பதினோரு நாள் பேசவில்லை. இத்தனை வருடம் கழித்தும், குழம்பில் உப்புக் கூடிப்போனால்கூடப் பேச்சு அந்த மழையில்தான் போய் முடியும்.

அதற்குப் பிறகு மாமா யார் கை காட்டினாலும், எங்கே காட்டினாலும் நின்றார். கொடியில் துணி காயப்போட்ட பெண்ணுக்காக நின்றிருக்கிறார். கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்தவருக்காக நின்றிருக்கிறார். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். இந்தச் சைக்கிள் ஓட்டத்தில் வழியெல்லாம் ஜனங்கள் நின்று கை ஆட்டினால் மனிதர் எப்படிக் கரை சேருவார்?

ஓட்டத்துக்கு முந்தின நாள் கடையைப் பூட்டிவிட்டு ஐந்து கிராமத்துக்கும் போனேன். கல்பாலத்தடியில் துணி துவைப்பவர்களிடம், மதில் ஓரம் சீட்டு ஆடுபவர்களிடம், மணிக்கூண்டுக்குக் கீழே செருப்புக் கடை வைத்திருப்பவரிடம், எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள். “நாளைக்கு நாற்பத்தேழாம் நம்பர் சைக்கிள் வர்றப்ப யாரும் கையைத் தூக்காதீங்க.” சிலர் என் கடைக் கண்ணாடியை நானே போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள், இருபத்திரண்டு வருடம் அவர் பஸ்ஸில் போனவர்கள் அல்லவா? மூன்றாவது கிராமத்துச் சதுக்கத்தில் மட்டும் ஒரு சிக்கல். அங்கே ஒரு கல் ராஜா வலது கையை உயர்த்தி நிற்கிறார், முந்நூறு வருடமாக. ஏணி வாங்கி ஏறி, அவர் கைக்கு என் மழைக்கோட்டைப் போர்த்திக் கயிற்றால் கட்டினேன்.

மறுநாள் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் வந்தால் ஆரவாரம், விசில். நாற்பத்தேழு தூரத்தில் தெரிந்ததும் மொத்தக் கிராமமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கப்சிப். கைக்குழந்தைகளின் கையைக்கூடத் தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். மாமாவோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பயந்துபோய், “ஊர்ல யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறார். மாமாவோ யார் தொந்தரவும் இல்லாமல் ஏரிகளைப் பார்த்துக்கொண்டு மிதித்தார். கல் ராஜாவிடம் கொஞ்சம் வேகம் குறைந்தது. மழைக்கோட்டைப் பார்த்துக் குழம்பிவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டு இருபத்தாறு. கோட்டை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே கடைசி மேட்டில் மாமாவின் தலை தெரிந்தது. செங்குத்தான சரளை மேடு அது. நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப முடியாது, பின்சக்கரம் கல்லைத்தான் வாரி இறைக்கும். ஊர் பூராவும் சொல்லியாகிவிட்டது, இனி என்ன?

சொல்ல வேண்டிய ஒரே ஆளுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வரவே மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அக்கா, பத்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். வாசலுக்கு ஐம்பது அடி கீழே, கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். புருஷன் நேரத்துக்கு வருவதைக் கண்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

“அக்கா, கையைக் கீழ போடு!” என்று கத்தினேன். பலனில்லை.

மாமா பிரேக் போட்டு, ஓரம் கட்டி, அவள் காலடியில் அழகாக நிறுத்தினார்.

“ஏன் நின்னீங்க? போங்க, போங்க!” என்று அக்கா அலறினாள்.

“நீ கை காட்டினியே.”

“அதுக்கு? இன்னும் நாலு நிமிஷம்தாங்க இருக்கு!”

“இருக்கட்டும். ஒரு தடவை நிக்காம போயிட்டுப் பட்டது போதும்.”

அக்காவின் கண் கலங்கியதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன். என் பார்வையில் இப்போது குறை எதுவும் இல்லை.

பிறகு மாமா மிதித்தார். சக்கரம் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. மறுபடி மிதித்தார், சரிந்தார். இறங்கித் தள்ளினார். எழுபது கிலோமீட்டர் மிதித்த கால், மரத்துப்போய் மேட்டில் மடங்கியது. யாரும் தொடக் கூடாது என்பது விதி. அக்கா கூடவே, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாசலைத் தொடும்போது பன்னிரண்டு முப்பத்தொன்று. நேரம் குறிக்கும் பி.டி. வாத்தியார் பெயரை அடித்துவிட்டார்.

அக்கா விடுவாளா? சைக்கிளை வெளியே போடச் சொன்ன அதே வாய்தான். “பஸ் ஒரு நிமிஷம் லேட்டா வந்தா, பஸ்ஸே வரலன்னு யாராவது எழுதுவாங்களா? என்ன சார் நியாயம் இது?” என்று பிடி பிடியென்று பிடித்தாள். வாத்தியார் விசிலை மென்றாரே தவிர மசியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா குளித்தார், சாப்பிட்டார். பிறகு படுக்கையறைக்குப் போய் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வீம்பு. தடுக்கலாம் என்று எழுந்தேன். எனக்கு முன்னால் அக்கா போய் வாசற்படியில் நின்றாள். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

வலது கையைத் தூக்கினாள்.

மாமா நின்றார்.