அன்பரசு பார்த்துச் சொன்ன பேனாக்கள்

பழைய பேனா சேர்க்கிறவர்கள் எழுபது பேர் இருந்த அந்த வாட்ஸ்அப் குழுவில், ஏலத்துக்கு வந்த பேனாவின் படத்தை யார் போட்டாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வரும்: "அன்பரசு பார்த்தாச்சா?"

அன்பரசுவுக்கு நாற்பத்தாறு வயது. சிதம்பரத்தில் வீடு. கடலூரில் ஒரு தனியார் சர்வேயரிடம் மனை வரைபடம் போடும் வேலை. காலை ரயிலில் போய்க்கொண்டே போனில் ஏலத் தளங்களைப் பார்ப்பார். 'பழைய பேனா இருபது, மொத்தமாக' என்று யாரோ மங்கலாக எடுத்துப் போட்ட படத்தில், குவியலுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அரை அங்குல மூடியை வைத்தே அது எந்த நாட்டுப் பேனா, எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். கிளிப்பின் நுனி, மூடி வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று மற்றவர்களுக்குப் படாததெல்லாம் அவர் கண்ணில் படும். தனக்கென்று வாங்கியது கொஞ்சம்தான். பிறருக்குப் பார்த்துச் சொன்னதே அதிகம்.

போன ஆடி மாதம் ஒருநாள், ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டியபோது, ஏலத்தில் இருந்த ஒரு பேனா நடுவில் லேசாக வளைந்து தெரிந்தது. வெயிலில் போட்டுக் கெடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று அடுத்த படத்துக்குப் போனார். அதுவும் வளைந்திருந்தது. தலையை நிமிர்த்தினார். ஜன்னல் கம்பிகள் எல்லாமே நடுவில் நெளிந்து நின்றன.

அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒருநாள் போடுவார், இரண்டு நாள் மறப்பார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் டாக்டரிடம் போனால் அது நிச்சயமாகிவிடும். நிச்சயமானால் வேலை போய்விடும். இடது கண்ணை மூடிக்கொண்டால் கோடு ஓரளவு நேராகத் தெரிந்தது. அப்படியே நாட்களை ஓட்டினார்.

"எதுக்குத் தலையச் சாச்சு சாச்சுப் பாக்குறீங்க?" என்று கேட்டாள் மனைவி சந்திரலேகா. வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள்.

"கழுத்து வலி."

குழுவில் பதில் சொல்வதை நிறுத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். பாதி பார்த்தும் பாதி பழைய ஞாபகத்தில் ஊகித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடலூர் முதுநகர்க்காரரான தேவசகாயம் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர், அன்பரசுவுக்கு இருபது வருஷச் சிநேகிதர். பச்சைக் கோடு போட்ட ஒரு ஜெர்மன் பேனாவை மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். தை மாதத்தில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. உடனே கூப்பிட்டார்.

"மச்சான், மூடி ஒரிஜினல்தானா? ரிட்டர்ன் கிடையாதுன்னு போட்டிருக்கான். வெல வேற ஜாஸ்தி. நீ சொன்னாத்தான் கேப்பேன்."

அன்பரசு படத்தைப் பெரிதாக்கினார். ஈர விரலால் தேய்த்துவிட்டதுபோல் நடுவில் ஒரு சாம்பல் கறை. மூடியும் உடம்பும் சேரும் இடம் சரியாக அந்தக் கறைக்குள் இருந்தது. படத்தை நகர்த்தினார். கறையும் கூடவே வந்தது. 'தெரியலை மச்சான்' என்று சொல்ல வாயெடுத்தார்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கு," என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவசகாயம் பேனாவோடு சிதம்பரத்துக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மூடி ஒரு பச்ச, உடம்பு ஒரு பச்ச. ரெண்டு பேனாவ ஒண்ணாச் சேத்திருக்கான். எனக்கே தெரியுது, உனக்கெப்படித் தெரியாமப் போச்சு?"

"படத்துல லைட் சரியில்ல மச்சான்." அன்பரசு பேனாவை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். "வெயில் பட்டு மங்கியிருக்கும். ரெண்டும் ஒண்ணுதான்."

சந்திரலேகா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அன்பரசு பேனாவைப் பார்க்கவில்லை. பேனாவுக்கு ஒரு சாண் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க," என்றாள், "நான் எத்தனை வெரல் காட்டுறேன்?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு," என்றார்.

தேவசகாயத்துக்கு முகம் வெளிறிவிட்டது. "பேனா போனாப் போவுது. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மச்சான்." பேனாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

மறுநாளே சந்திரலேகா அவரைப் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இடது கண்ணின் நடுப்பார்வை போனது போனதுதான் என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் நிறைய காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி, அது பிடித்தால் இருக்கிற பார்வை நிற்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அன்பரசு மனைவியிடம் போனைக் கொடுத்தார். "ஆடியிலேருந்து நான் நல்லாருக்குன்னு சொன்னதையெல்லாம் எடு."

தேவசகாயத்துடையதைத் தவிர பதினொன்று இருந்தன. அவள் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிச் சொல்லச் சொல்ல, அவர் கேள்வி கேட்டார். கிளிப் நுனி உருண்டையா, தட்டையா? எழுத்து ஆழமாக இருக்கிறதா? துணியின் நிறத்துக்கு நூல் சேர்த்துப் பழகிய கண் அவளுக்கு. "இந்தக் கருப்பு வேற, அந்தக் கருப்பு வேறங்க," என்றாள் ஓரிடத்தில். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைசியில் மூன்று பேனாக்கள் தவறு என்று ஆயிற்று.

மூன்று பேருக்கும் அவரே போன் செய்தார். ஒருவர் திட்டினார். ஒருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். மூன்றாவது, பண்ருட்டி காயத்ரி.

"அத அப்பவே ஒரு பெரியவருக்கு வித்துட்டேன் சார். அன்பரசு சார் பாத்ததுன்னு சொல்லித்தான் வித்தேன். இப்ப அவுங்க கிட்ட நான் என்னா சொல்லட்டும்?"

"என் நம்பரக் குடும்மா. நானே சொல்றேன்."

"நம்ப வேண்டியவங்க நம்பிட்டாங்க சார். இனிமே நீங்க சொல்லி என்னா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தன் கண்ணில் என்ன கோளாறு, எந்தெந்தப் பேனாவில் தப்பாகச் சொன்னார் என்பதையெல்லாம் சந்திரலேகாவைக் குழுவில் எழுதச் சொன்னார். பிறகு குழுவிலிருந்து வெளியேறினார். வரைபட வேலையையும் விட்டார். சர்வேயர் நல்ல மனிதர். போன் எடுக்கவும் வருகிறவர்களை உட்காரவைக்கவும் வரச் சொன்னார்.

மூன்றாவது ஊசி நாளில் சந்திரலேகாவுக்குக் காய்ச்சல். தனியாகவே போய்க்கொள்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவரின் கையை யாரோ பிடித்தார்கள். தேவசகாயம். சந்திரலேகா போன் செய்திருந்தாள்.

புதுச்சேரி பஸ்ஸில் அவரும் கூடவே ஏறினார். ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார்கள். வலது கண்ணில் கோடுகள் முன்னைக்கு நேராக நின்றன. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் நெளிந்தன. இடது கண்ணில் அட்டையின் நடுவே ஒன்றுமே இல்லை. ஊசி போட்டுக் கண்ணைக் கட்டி அனுப்பினார்கள்.

திரும்பும் பஸ் கடலூரில் நின்றது. ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் அசைவில்லை.

"எறங்கலையா? உன் ஊர் வந்துடுச்சு."

"எனக்கு இன்னும் மனசு ஆறல மச்சான்," என்றார் தேவசகாயம். "அதுக்காவ இந்தக் கட்டோட உன்ன பஸ்ல வுட்டுட்டுப் போவ முடியுமா?"

கண்டக்டரைக் கூப்பிட்டுச் சிதம்பரத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கினார்.