அடுப்பின் மேல் போட்ட காலுறை

நானும் மனைவியும் நாமக்கல்லிலிருந்து கிளம்பி, இமயமலையின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் ஊர் ஊராகத் தங்கி மெதுவாகப் பயணித்தோம். இறங்கிய இடமெல்லாம் பைகளை எண்ணுவதுதான் என் வேலை. ஒரு வீட்டில், சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில், நனைந்த காலுறைகள் நான்கையும் சமையலறை அடுப்பின் மேல் காயப்போட்டேன்.

வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்தார். கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியை வெளியே கொட்டினார். அடுப்பைத் துடைத்துப் புகை போட்டார்.

"அடுப்பில் எங்கள் தெய்வம் இருக்கிறது" என்று அவர் கணவர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

"ஏனுங்க, நம்மூட்டு அடுப்புல இப்படிப் போடுவீங்களா? அவங்க புள்ளைங்க பசியோட உக்காந்திருக்குதுங்க" என்றாள் மனைவி.

மன்னிப்புக் கேட்டேன். மறுபடி சமைத்து, முதல் தட்டை எனக்குத்தான் வைத்தார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் மகள் வீடானாலும், எங்கே வைக்கலாம் என்று கேட்காமல் கையில் இருப்பதைக் கீழே வைப்பதில்லை.