தம்பிக்குச் சொன்ன பார்

“அண்ணன் என் கைல சொன்னத உன் கைல சொல்லணும்னு சட்டமா இன்னா, அண்ணி?”

பம்மல் மீன் கடையில், வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்கும்போதே லோகு ஒருமுறை என்மேல் இப்படி விழுந்தான். வஞ்சிரம் வெட்டிய கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

லோகு என் புருஷனுடைய தம்பி. வயது அறுபத்தாறு. கடலை விட்டுப் பீர்க்கன்கரணைக்கு வந்து பத்து வருஷமாகியும் புத்தி கரையேறவில்லை. கடைக்கு நண்டு வந்தால் காலிடுக்கில் ஒட்டிய சேற்றை நாக்கில் வைத்துப் பார்ப்பான். “சேறு இல்ல, சிப்பி மணலு. இருவது பாகத்துக்கு அப்பால புடிச்சது” என்பான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்காருவான். திரிசூலம் மலை எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிகிறது என்று பார்த்துக்கொண்டே வருவான். கரையில் நிற்கும் கோபுரத்தையும் அதன் பின்னால் மலையையும் நேராகப் பிடித்துத்தான் எங்கள் ஆட்கள் கடலில் இடம் கண்டார்கள்.

கடலடியில் இருக்கும் கல்மேட்டைப் பார் என்போம். மீன் அங்கேதான் அடையும். என் புருஷன் அரிகிருஷ்ணன் ஆழத்தில் ஒரு பாரைக் கண்டார். கண்ட பாரை எவனும் வீட்டில் சொல்லமாட்டான். பொம்பளை வாயில் நிற்காதாம். தம்பிக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோரு வருஷம் அவரோடு படுத்தவள் நான். லோகுவைப் பார்த்தாலே வயிறு எரியும். அதை மறைத்து எனக்கு என்ன ஆகவேண்டும்?

போன மாசம் கடல் தரையை அளக்கும் ஆபீசிலிருந்து அவனுக்குக் கார் வந்தது. எனக்கு வரவில்லை. நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

தாம்பரத்தில் ஒரு மண்டபம். ஊர் ஊராக வந்த பத்துப் பன்னிரண்டு கடல் கிழவன்கள். சுப்ரஜா என்ற ஆபீஸ் பொண்ணு மேஜை நிறைய ஒரு நீலப் படத்தை விரித்தாள். கரையோரம் அளந்தாகிவிட்டது, ஆழத்துக்குக் கப்பல் பன்னிரண்டு நாள்தான் கிடைக்கும், எதை முதலில் அளப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். அளக்கவேண்டிய இடத்தில் வைக்க ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. கொட்டை விழாத இடத்துக்கு இந்த வருஷம் அளப்பு இல்லை. வெள்ளிக்கிழமை வரை மாற்றிக்கொள்ளலாம். பாருக்குப் பேர் இருந்தால் அதையும் படத்தில் எழுதுவோம் என்றாள்.

எனக்கு அந்தப் பேர் வேண்டும். அரிகிருஷ்ணன் பார்.

கிழவன்கள் எல்லோரும் அடுத்தவன் பாரில் கொட்டையை வைத்தார்கள். சொந்தப் பாரில் ஒருத்தனும் வைக்கவில்லை. லோகு, படகு மூழ்கிய இடம், வலை கிழியும் இடம் என்று நாலு வைத்தான். ஐந்தாவதைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

அதையும் வை என்றேன்.

“வச்சா நாளைக்கே ஊரு வலையெல்லாம் அங்கதான் கெடக்கும், அண்ணி. மீனு முட்ட வுட எடம் இருக்காது.”

“மீனு போனா போவுது. அவுரு பேராவது நிக்கும்.”

“அப்ப நீயே வை” என்று கொட்டையை என் கையில் திணித்தான்.

கிழவன்கள் சிரித்தார்கள். நீலப் படத்தின் மேல் என் கை நின்றது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. அந்தப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். எங்கே வைப்பேன்? கொட்டையை மேஜை ஓரத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றினான், தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய அண்ணன் போட்டோவை எடுத்து, பாயில் கவிழ்த்துப் போட்டு, பின் அட்டையில் வரைந்தான். ஒரு மலை. அதன் இடுப்பில் ஒரு கோபுரம். தள்ளி இன்னொரு மலை, அதற்கு முன்னால் ஒரு சவுக்குத் தோப்பு. கீழே இருபத்திமூன்று கோடு, பாகத்துக்கு ஒன்று. படிக்காதவளுக்கும் புரிந்தது. அவன் கை ஒரு இடத்திலும் யோசித்து நிற்கவில்லை. அதைப் பார்க்கவும் எனக்கு வயிறு எரிந்தது.

“நாளைக்கு வரைக்கும் டைம் கீது. வெக்கறதும் வெக்காததும் உன் இஷ்டம், அண்ணி.”

போட்டோவைத் திரும்ப மாட்டினான். பேனாவை மூடி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். கறுப்பு மார்க்கர் பேனா, ஸ்டேஷன் வாசல் கடையில் புதிதாக வாங்கியது. விலை ஒட்டியபடியே இருந்தது. இருபத்தைந்து ரூபாய்.