அப்பா கந்தோரை விட்ட திங்கட்கிழமை

ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் அறுபது வயதில் தவில் பழகத் தொடங்கியிருக்கிறார். அந்தத் தட்டுத்தடுமாறிய அடியைக் கேட்டதும் மனதால் உடப்பு ஊரில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக் கந்தோரில் எழுதுவினைஞர். திருவிழாக்களில் மட்டும் ஆசைக்குத் தவில் அடிப்பார். யுத்தகாலம் அது. முன்னேஸ்வரம் கோயில் திருவிழாவுக்குத் தவிலோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனபோது, சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கந்தோர்க்காரனுக்குத் தவில் எதற்கு என்று சந்தேகப்பட்ட சிப்பாய், குண்டு இருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கத்தியால் கிழித்தான். உள்ளே ஒன்றுமில்லை. அப்பா கிழிந்த தவிலைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவர் சாரத்தைக் கட்டியபடி கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

“கந்தோருக்குப் போகல்லையா?” என்று அம்மா கேட்டா.

“வேலைய விடுறன் எண்டு கடிதம் குடுத்திட்டன். இனித் தவில்தான் தொழில்.”

“நாப்பத்தாறு வயசிலயா? மூண்டு பிள்ளையள் இருக்குதுகள்!” அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா.

அதன்பிறகு பல நாள் சாப்பாடு பாணும் சம்பலும்தான். ஆனாலும் சாகும்வரை அவர் தவில்காரராகவே இருந்தார். கந்தோரை ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“அந்தச் சிப்பாய் தவிலக் கிழிக்கேக்க எனக்குத்தான் நொந்திச்சு மகள். கந்தோர் எரிஞ்சிருந்தாலும் அப்பிடி நொந்திருக்காது.”

இன்றும் அந்தப் பதிலை நினைத்தால் திடுக்கிடுகிறது.